வாதம் வந்த கைக்கு மனப் பயிற்சி

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்பியவருக்கு முதல் மாதம் கையைப் பிடித்து நீட்டி மடக்கி விடுகிறோம். அப்புறம் வேலைக்கு ஓடவே நேரம் சரியாகிவிடுகிறது. “கை போனது போனதுதான்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அவரும் கையை மடியில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

உண்மையில் பழுது கையில் இல்லை, மூளையில். அங்கே இரத்தம் அடைபட்டதால் அல்லது குழாய் வெடித்ததால், கைக்குக் கட்டளை கொடுக்கும் இடம் கெட்டுப்போகிறது. ஒரு வேலையைச் செய்வதாக மனதில் நினைத்தாலே, அதைச் செய்யும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் பல இயங்குகின்றன. மனப் பயிற்சிக்கு ஆதாரம் இதுதான்.

2007இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழுவினர் 32 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வாதம் வந்து சராசரியாக மூன்றரை வருடம் கடந்தவர்கள். எல்லோரும் வாரம் 2 நாளாக 6 வாரம் கைப்பயிற்சி செய்தார்கள். அதோடு மனப் பயிற்சியும் செய்த பிரிவினருக்கே கை கூடுதலாகத் தேறியது. 2020இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கையும், மற்றச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டாகலாம் என்கிறது. நினைத்தால் மட்டும் கை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செய்வது இப்படி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு (லயத்தில் வேறு எப்போது சத்தம் ஓயும்!) அவரை வசதியாக உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். 5 நிமிடம் உடம்பைத் தளர்த்தட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்ல வேண்டும்: “அப்பாயி, முன்னால தேத்தண்ணிக் கோப்பை இருக்கு. கையை நீட்டுறீங்க. விரல் விரியுது. கோப்பை சூடா இருக்கு. புடிச்சுத் தூக்குறீங்க, வாய்கிட்ட கொண்டு வாறீங்க.” படம் பார்ப்பது போலத் தன்னைத் தூரத்தில் பார்க்கக் கூடாது. தன் கையே அசைவதாக உணர வேண்டும். கொழுந்து எடுத்தவர் என்றால் கொழுந்து கிள்ளுவதையே சொல்லுங்கள், சுலபமாக மனதில் வரும். 20 நிமிடம் போதும். முடிந்ததும் வெறுங்கோப்பையை வைத்து, முடிந்த அளவு உண்மையாகவே செய்து பார்க்கட்டும்.

கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும். சொல்வது விளங்காதவருக்கு இந்தப் பயிற்சி சரிவராது. அடுத்த கிளினிக் நாளில் பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். திரும்பவும் வாய் கோணினால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள்.