எத்தனை அடி கேசிங்?

போர் போட்ட வீட்டுக்குப் போனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை அடியில தண்ணி?" எங்கள் நல்லூர்ப் பக்கம் எண்ணூறு, ஆயிரம் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நானும் அதை மட்டும்தான் கேட்டேன். மேல்மண் சரியாமல் இறக்குகிற கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது, எதன்மேல் உட்கார்ந்தது என்று கேட்காமல் விட்டேன். அதனால் என் காம்பவுண்டில் குடியிருந்த நான்கு குடும்பங்களும் வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டன.

ரிக் வண்டி வந்தது ராத்திரியில். செம்மண் வந்தது, பிறகு சுக்கான் பாறை, முப்பதடியில் வெள்ளைத் தூள். "பாறை தட்டிருச்சுங்க, இதுக்கு மேல கேசிங் எறக்குனா உங்களுக்குத்தான் செலவு" என்றார் வண்டிக்காரர். கேசிங்குக்கு அடிக்கணக்கில் தனிக் காசு. சரி என்று தலையாட்டினேன். அவர் தட்டியது பாறையின் தலையல்ல, மண்ணுக்குள் கிடந்த ஒரு குண்டுக்கல். அதற்குக் கீழே மறுபடியும் உதிரிப் பாறைதான்.

முதல் ஐப்பசி மழையிலேயே, பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு அம்மா வந்து நின்றார். "ஏனுங்ண்ணா, மழ பேஞ்சா தண்ணி ஒரு மாதிரி வாசமடிக்குதுங்க." டேங்க் கழுவினேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடியே. தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தபோது கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள்.

மோட்டாரைத் தூக்கிவிட்டு, உச்சி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் போருக்குள் அடித்துப் பார்த்தோம். கேசிங் முடிகிற விளிம்புக்குக் கீழே, பாறைச் சுவரில் ஒரு கோடு மின்னியது. மழை நின்று இரண்டு நாளாகியும் அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் செப்டிக் டேங்க் அங்கிருந்து பதினைந்தடி தூரம். ஆயிரம் அடி ஆழத்துத் தண்ணீர் என்று நம்பிக் குடியிருந்தவர்கள் குடித்ததில் முப்பதடிச் சாக்கடையும் கலந்திருந்தது.

அதனால் இப்போது போர் போடப் போகிறவர்களிடம் நான் சொல்வது: தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரே நிறத்தில், ஒரே சத்தத்தில், பல அடி தொடர்ந்து வந்தால்தான் கெட்டிப் பாறை. அதற்குள்ளும் ஐந்தாறு அடி கேசிங் இறங்கட்டும். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைச் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். பலர் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்; மழைத்தண்ணீருக்கு அது திறந்த வாசல். நான் கடைசியில் குறுகலான பைப் ஒன்றை உள்ளே கெட்டிப் பாறைவரை இறக்கி, நடுவிலிருந்த இடைவெளியை அடைத்த பிறகுதான் வாசம் நின்றது.

தண்ணீரில் இருந்த உப்பு மட்டும் போகவில்லை. அதற்குக் கேசிங் மருந்தாகாது. சாயப்பட்டறைக் கழிவு பல வருஷம் நொய்யலில் ஓடி இந்தப் பக்கத்து நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் மண்ணில் இறங்கியது உடனே வெளியேறிவிடுமா? இப்படிப்பட்ட ஊரில் அடைப்பில்லாத ஒவ்வொரு போரும் மேல்தட்டு அழுக்கை ஆழத்துக்கு இறக்கும் குழாய். என் போரில் இறங்கியது பக்கத்து வீட்டுக்காரர் போருக்கும் போகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பு அப்படியே இருக்கும். குடிக்க மாநகராட்சித் தண்ணீரையே பிடியுங்கள்.

இன்னொன்று, இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. எங்கள் கொல்லையில் தண்ணீர் வராமல் விட்ட பழைய போர் ஒன்று இருந்தது. வாயில் சாக்கைத் திணித்து மேலே ஒரு கல்லை வைத்திருந்தோம். 2019 அக்டோபர் 25, மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசு சுஜித் வில்சன் கைவிட்ட போரில் விழுந்தான். ஒரு சாண்கூட இல்லாத வாய். தீபாவளியன்றும் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். 29ஆம் தேதி விடியுமுன் பிள்ளையை 88 அடியிலிருந்து உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். அந்த நான்கு ராத்திரியும் எங்கள் கொல்லைக் கல்தான் என் கண்முன் நின்றது.

உச்ச நீதிமன்றம் 2010லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போர் போட 15 நாள் முன்னால் தகவல் கொடுக்கவேண்டும். வேலை நடக்கும்போது வேலி போடவேண்டும், பலகை வைக்கவேண்டும். கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. கான்கிரீட் மேடை கட்டவேண்டும். வாய்க்கு வெல்டிங் வைத்த அல்லது போல்ட் முடுக்கிய இரும்பு மூடி போடவேண்டும். கைவிட்டதை அடியிலிருந்து தரைவரை மண், மணல், கல் போட்டு நிரப்பவேண்டும். மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புகிற ஒரு மணி நேரம்கூட வாயைத் திறந்து வைக்கக் கூடாது.

எங்கள் கொல்லையின் பழைய போரைச் சுஜித் விழுந்த அந்த வாரமே நிரப்பினோம். டிராக்டர் மண் ஒரு லோடு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளவேண்டும், இல்லையென்றால் பாதியில் சிக்கி மேலே நிறைந்ததுபோல் காட்டும். அடுத்த மழைக்கு எங்களுடையதும் இரண்டடி உள்வாங்கியது, மறுபடி நிரப்பினோம்.

புதுப் போரின் மேடை வழவழவென்று இருப்பதால் வாடகைக்கு இருப்பவர்கள் அதன்மேல் துணி ஊறவைத்த வாளியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வாளியைத் தூக்கித் துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன்.