கிராம நிலையத்திற்கு ஒரு சேவையகம்: எதை வாங்குவது?

நெல்லியடிப் பகுதியில் ஒரு வாசிகசாலையோ சங்கமோ தன் பதிவேடுகளைக் கணனியில் ஏற்றி, வெளியூர்களில் இருப்போரும் இணையத்தில் பார்க்கச் செய்ய விரும்பினால், இரவு பகலாக இயங்கும் ஒரு கணனி வேண்டும். அதையே சேவையகம் என்கிறோம்.

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய இயங்குதளம். அதே முறையில் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், சாதாரணக் கணனியிலும் இயங்குகிறது. அதை இலவசமாகப் பெறலாம். ஆகவே கருவியைத் தெரிவதிலேயே நாம் கவனம் செலுத்த வேண்டும்.

1. மின்சாரம்

60 வாற் எடுக்கும் பழைய மேசைக் கணனி ஓயாது இயங்கினால் 30 நாளில் 43 அலகு செலவாகும். 2012இல் 35 டொலருக்கு அறிமுகமான ராஸ்பெரி பை போன்ற சிறு கணனி 5 வாற் எடுத்தால் 3.6 அலகு போதும். மின்தடையின்போது சிறிய பற்றறியும் அதைத் தாங்கும். எனவே அன்பளிப்பாக வரும் பழைய கணனி மலிவானது என்று எண்ணிவிடக் கூடாது. 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட எமக்கு ஒரு வாற்றின் பெறுமதி தெரியும்.

2. இணைப்பு

கைத்தொலைபேசி வலையமைப்பு வழியான இணைப்புகள் பலவற்றில் ஒரே இணைய முகவரியைப் பலர் பகிர்கின்றனர். அப்போது வெளியார் எமது கணனியை நேரடியாக அணுக முடியாது. தனி முகவரி கிடைக்குமா, தகவலை வெளியே அனுப்பும் வேகம் எவ்வளவு என்பவற்றைப் பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.

3. சேமிப்பு

சிறு கணனியில் செருகும் நினைவக அட்டை, ஓயாது எழுதப்படுவதால் தேய்ந்துவிடும். பதிவேடுகளைத் தனி வன்தட்டில் வைப்பதே நன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே அழியும். வேறோர் ஊரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

4. மின்னல்

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னல் கருவிக்குள் புகும். கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. எதுவாயினும் மின்வழங்கலுக்கு நல்ல புவித்தொடுப்பு அவசியம்.

கணனியின் வேகத்தை இறுதியாகவே பார்க்கலாம். சில நூறு பேர் பார்க்கும் பதிவேட்டுக்குச் சிறு கணனியே தாராளம்.

கலந்துரையாட:

அ. எமது நிலையத்தில் அழிந்தால் மீளப் பெறமுடியாத பதிவுகள் எவை?
ஆ. மாதாந்த மின்கட்டணத்தை யார் பொறுப்பேற்பார்?
இ. இரண்டாவது பிரதியை எந்த ஊரில், யாரிடம் வைப்போம்?