காற்று எங்கேயிருந்து வருகிறது? – ஒரு வெதர்காக் பாடம்

‘வெதர்காக்’ என்ற சொல்லை நம்மில் பலர் இங்கிலீஷ் பேப்பரில், அடிக்கடி கட்சி மாறுகிறவரைக் கிண்டல் செய்யும் சொல்லாகத்தான் பார்த்திருப்போம். பிரான்சில் 1815-ல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு அகராதி போட்டார்கள்! நம் மலரில் அரசியல் வேண்டாம். கருவிக்கு வருவோம்.

தமிழில் காற்றுத்திசைகாட்டி. ஒரு நிமிர்ந்த கம்பி, அதன்மேல் லேசாகச் சுழலும் அம்பு. ஐரோப்பாவில் தேவாலயக் கோபுர உச்சிகளில் சேவல் வடிவில் வைத்ததால் அந்தப் பெயர். ஏதென்ஸ் நகரின் ‘காற்றுகளின் கோபுர’த்தில் சேவலுக்குப் பதில் வெண்கலத்தில் ஒரு கடல் தேவன் சுழன்றானாம்.

வைவாவில் மாட்டிவிடும் கேள்வி இது: அம்பு எந்தப் பக்கம் காட்டும்? “காற்று போற பக்கம் சார்” என்றால் போச்சு. அம்பின் இரு பக்கமும் எடை சமம், பரப்பு மட்டும் சமமில்லை. வால் அகலம். காற்று வாலைத் தள்ளிப் பின்னுக்குக் கொண்டுபோகும். தலை காற்று வரும் பக்கம் திரும்பி நிற்கும். விமான நிலையத்துக் காற்றுப்பை இதற்கு நேர்மாறு. அதன் வால் காற்று போகும் பக்கம் பறக்கும்.

காற்றுக்கு அது பிறந்த திசையை வைத்துத்தான் பெயர். நம் முன்னோரும் அப்படியே வைத்தார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மே மாதத்தில் மாமல்லபுரத்தில் ஒரு திசைகாட்டி வைத்துப் பாருங்கள். காலையில் அம்பு தரையைப் பார்க்கும். மதியத்துக்கு மேல் கடலைப் பார்க்கும். செங்கல்பட்டில் அந்தக் கடற்காற்று வந்து சேர இன்னும் நேரமாகும். அதுவரை வெந்து சாக வேண்டியதுதான்!

புயலில்தான் இதன் அருமை தெரியும். நம் பக்கத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். 1857-ல் பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட விதிப்படி, காற்றைப் பார்த்து நின்றால் புயலின் மையம் நம் வலப்பக்கம், சற்றே பின்னால் இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவு ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. இப்படி வரும் புயலில், மையத்துக்கு வடக்கே கோவளம் பக்கம் அம்பு வடகிழக்கிலிருந்து கிழக்குக்கும், பிறகு தென்கிழக்குக்கும் நகரும். அதாவது காற்று கடலைத் தூக்கிக் கரைமேல் போடும். தெற்கே சதுரங்கப்பட்டினம் பக்கம் அம்பு வடக்கிலிருந்து மேற்காகச் சுற்றித் தென்மேற்குக்குப் போகும். அங்கே காற்று தரையிலிருந்து கடலுக்கு. ஒரே புயல்தான், ஆனால் படகை எவ்வளவு மேலே ஏற்றிக் கட்டுவது என்பது குப்பத்துக்குக் குப்பம் மாறிவிடும்.

கண் நேராகத் தலைமேல் வந்தால் காற்று சட்டென்று அடங்கும். “நின்னுடுச்சுப்பா” என்று கூரையைப் பார்க்க வெளியே போவார்கள். கொஞ்ச நேரத்தில் அம்பு நேர் எதிர்ப்பக்கம் திரும்பும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் ஓடும் அந்த இரண்டாவது அடியில்தான் விழும்.

இதைச் செய்ய ஒரு தகரத் துண்டும் பழைய சைக்கிள் பேரிங்கும் போதும். வானிலை நிலையங்களில் 10 மீட்டர் உயரத்தில், மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில் வைப்பார்கள். நம் ஒர்க்‌ஷாப் கூரைக்கு அவ்வளவு உயரம் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேலே வைக்கலாம்.