குரலில் நடக்கும் விவாதம்

கேள்வி: பல்கலைக்கழகப் பாடங்களில் குரலும் காணொளியும் கலந்த இணைய விவாதக் கருவிகளால் பயன் உண்டா?

பதில்: வாய்ஸ்த்ரெட் அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த அத்தகைய கருவி. ஆசிரியர் ஒரு படத்தையோ சிலைடையோ காணொளியையோ ஏற்றிவைப்பார். மாணவர்கள் தமக்கு வசதியான நேரத்தில் குரல், காணொளி, எழுத்து என எதிலாவது கருத்துச் சொல்வார்கள். பேசிக்கொண்டே படத்தின் மேல் கோடு போடலாம் என்பதே இதன் பெரிய வசதி. எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்த இடத்தை வட்டமிட்டபடி ஒரு மருத்துவ மாணவர் விளக்கும்போது வரும் தெளிவு, எழுதிய பத்தியில் எளிதில் வராது. மொழி வகுப்புக்கு இன்னும் பொருத்தம்: பதிந்த உச்சரிப்பைக் கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். வகுப்பில் வாய்திறக்கக் கூச்சப்படுபவர்களுக்கும் இது தோது.

சிரமம் ஆசிரியருக்குத்தான். எழுத்தை மேலோட்டமாகப் பார்த்துவிடலாம்; ஒலியைக் கேட்டே தீர வேண்டும். 60 பேர் ஆளுக்கு 2 நிமிடம் பேசினால் 2 மணி நேரம் போய்விடும். எனவே சிறு குழுக்களும் நேர வரம்பும் தேவை. காது கேளாத மாணவர்கள் இருந்தால் பேச்சின் எழுத்து வடிவமும் கட்டாயம்.

ஒரே கருவியை நம்பிப் பாடத்தை அமைப்பதும் ஆபத்து. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃபிளிப்கிரிட் என்ற காணொளி விவாதக் கருவியை மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கியது. 2022இல் ஃபிளிப் என்று பெயர் மாற்றியது. 2024இல் அதன் தனித் தளத்தையும் செயலியையும் மூடிவிட்டது.