கைவேலை தெரியும் ஆவணப்படங்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

ஒரு கலைக்கோ தொழிலுக்கோ மனத்தைக் கொடுத்தவர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் இரு வகை. சிலவற்றில் ஆளின் பெருமையைப் பிறர் பேசிக்கொண்டே இருப்பார்கள். சிலவற்றில் அவர் வேலை செய்வதைக் கேமரா பொறுமையாகப் பார்க்கும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு உதவுவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதலில் பார்க்க வேண்டியது நெதர்லாந்து இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் ‘கிளாஸ்’ (1958). லேர்டாம் கண்ணாடித் தொழிற்சாலையில் எடுத்த இப்படம் ஓடுவது சுமார் பத்து நிமிடம்; வருணனை கிடையாது. கன்னம் புடைக்க ஊதிப் பாத்திரம் செய்பவர்கள் ஒரு பக்கம், பாட்டில்களை வரிசையாகத் தள்ளும் இயந்திரம் மறுபக்கம். கழுத்து உடைந்த ஒரு பாட்டில் அந்த வரிசையையே குலைத்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய மனிதக் கை வர வேண்டியிருக்கிறது. அகல்விளக்கும் கொலு பொம்மையும் அச்சில் வார்த்துச் சூளையில் ஏற்றும் ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. 1960இல் இது ஆஸ்கர் பெற்றது.

சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ (1976) நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றியது. சிறுவனாகக் கல்கத்தாவில் அவர் ஆடியதைப் பார்த்தவர் ராய்; படமெடுக்கும்போது பாலாவுக்கு 58 வயது. கடற்கரையில் அவர் ஆடும் பதம் பலருக்கும் பிடித்த பகுதி. ஆயினும் அரங்கில் நீளமாகப் பதிவான வர்ணத்தில்தான் வயதை மீறிய தேர்ச்சி முழுதாகத் தெரிகிறது.

அம்ஷன் குமாரின் ‘யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி’ ஈழத்துத் தவில் மேதையைப் பற்றிய படம்; 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் பரிசு பெற்றது. இதில் பேச்சு உண்டு. ஆனால் பேசுபவர்களில் பலர் அந்தத் தொழிலின் நுணுக்கம் அறிந்தவர்கள் என்பதால் அது வெறும் புகழுரையாக நிற்கவில்லை.

பீங்கானோடு நேரடித் தொடர்பு உள்ளது ராயின் ‘தி இன்னர் ஐ’ (1972). ஏறத்தாழ இருபது நிமிடப் படம். சாந்திநிகேதனில் ராய்க்கு ஓவியம் கற்பித்த வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, மறுகண்ணில் கடும் கிட்டப்பார்வை. 1956இல் கண்புரை அறுவைக்குப் பின் அந்தப் பார்வையும் போயிற்று. அதற்குப் பிறகும் காகிதத்தைத் தடவித் தடவி மடித்து வெட்டி உருவங்கள் அமைத்தார். சாந்திநிகேதனின் கலாபவனத்துச் சுவரில் பீங்கான் டைல்ஸில் பெரிய சித்திரமொன்றையும் உருவாக்கினார். இவரைக் காட்டும்போது ராய் எங்கும் இரக்கம் தேடவில்லை. வேலையை மட்டும் காட்டுகிறார். படத்தின் சிறப்பே அதுதான்.

பருவத் தேர்வு நெருக்கத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால், ‘தி இன்னர் ஐ’யையே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தாய்மாமன்