வளர்ப்பு முயலின் செலவுக் கணக்கு

சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் கூடையில் வைத்து விற்கப்பெறும் வெள்ளை முயற்குட்டிகளைக் கண்டு குழந்தைகள் கேட்பதும், பெற்றோர் ஒரு ஜோடியை வாங்கிக் கொடுப்பதும் எங்கும் காணும் காட்சியாகும். அப்போது கொடுக்கும் விலை, அம்முயலுக்காக அக்குடும்பம் செலவிடப்போகும் தொகையில் மிகச் சிறு பகுதியே. நன்கு பேணப்பெறும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை உயிர்வாழும். மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்கு வாங்கிய முயல், அவன் பள்ளிப் படிப்பை முடித்து வெளியூர் செல்லும் நாளிலும் கொல்லையில் இருக்கக்கூடும். அன்று அதற்குப் புல் அறுப்பவர் பெரும்பாலும் அவன் தாயாரே. ஆகையால் அங்கத்தினர்கள் குட்டியின் விலையைக் கேட்குமுன் பத்தாண்டுக் கணக்கை எழுதிப் பார்த்தல் நலம்.

முதலாவது ஆகாரம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் ஆண்டொன்றுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நார் மிகுந்த புல்லை நாள் முழுதும் மென்றால்தான் அவை தேயும். தேயாவிடில் வாய் புண்ணாகிப் பிராணி பட்டினி கிடக்கும். குடலும் அத்தகையதே. புல் குறைந்து தானியமும் பழமும் மிகுந்தால் அதன் இயக்கம் நின்றுவிடும். அரை நாள் உண்ணாத முயலை அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. காரட்டே முயலின் உணவு என்பது படப்புத்தகங்கள் பரப்பிய எண்ணம். அதில் சர்க்கரை மிகுதி. சிறு துண்டு போதும்.

2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் பசும்புல் தேவைப்படும். ஒரு ஜோடிக்குப் பத்தாண்டில் இது ஏறத்தாழ 3 டன்னோ அதற்கு மேலோ ஆகும். வரப்புள்ள விவசாயிக்கு இது உழைப்புச் செலவு. நகரத்துத் தெருவில் வாழும் நெசவாளிக்கோ ரொக்கச் செலவு. அறுகு, கொழுக்கட்டைப்புல் போன்றவை ஏற்றவை. குதிரை மசால் குட்டிகளுக்கு நன்று. வளர்ந்தவற்றுக்கு மிகுந்தால் சிறுநீரில் சுண்ணாம்பு சேரும். வைக்கோல் படுக்கைக்கு உதவும், ஆகாரத்திற்குப் போதாது. பூச்சிமருந்து தெளித்த வயலோரப் புல்லை ஒருபோதும் இடலாகாது. முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது. விடியலில் அது தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்பதைக் கண்டு அருவருத்து விரட்டுவோர் உளர். அது நோயன்று, இரண்டாம் முறை செரித்துச் சத்தைப் பெறும் இயற்கை ஏற்பாடு.

அடுத்தது உஷ்ணம். நம் சமவெளியில் முயல் வளர்ப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுவே. வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் நிலத்தடி வளைகளில் வாழ்ந்தவர்கள். முயலுக்கு நம்மைப் போல வியர்ப்பதில்லை. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளிவிடும். 30 டிகிரிக்கு மேல் அதற்கு அபாயம். நம் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரையின் கீழ்க் கம்பிக்கூண்டில் அடைத்து வைப்பது அதைச் சூளையில் இடுவதற்கு ஒப்பாகும். ஓட்டுக் கூரை, மரநிழல், சுற்றிலும் ஈரச் சாக்கு, படுத்துக்கொள்ள நனைந்த மண் ஓடு, எந்நேரமும் குளிர்ந்த நீர் ஆகியவை வேண்டும். நீரில் முக்கிக் குளிப்பாட்டுதல் கூடாது. அச்சத்திலேயே உயிர் போகலாம். கூண்டின் அடியில் வெறும் கம்பி இருந்தால் பாதம் புண்படும். பலகையோ சணற்பாயோ இடுக.

தறிக்கூடத்தில் முயலை விடலாகாது என்பதை நெசவாளர்க்குத் தனியே சொல்ல வேண்டும். பாவு நூலை ஒரு நொடியில் கத்தரித்துவிடும். விழுங்கிய நூல் குடலை அடைக்கும். மின்கம்பியையும் அது விட்டுவைப்பதில்லை.

முயல் தனிமையை விரும்பாது, துணை வேண்டும். ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கினால், நான்காம் மாதத்திலேயே பருவம் எய்தக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஓர் ஈற்றில் 4 முதல் 8 குட்டிகள். ஈன்ற அன்றே மீண்டும் சினைகொள்ளவும் கூடும். சிறு குட்டிகளில் ஆண் பெண் அறிவது கடினமாதலால் கடைக்காரர் சொல்லை நம்பிவிட வேண்டாம். கருத்தடைச் சிகிச்சையின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது செய்யப்பெறாத பெண் முயல்களுக்கு வயதானபின் கருப்பையில் புற்றுநோய் காண்பது மிகுதி. முயலுக்குச் சிகிச்சை செய்து பழகிய வைத்தியர் அருகில் உளரா என்று முன்னரே விசாரிக்க வேண்டும். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தாலே முயல் இறக்கக்கூடும்.

முயல் மயிரை நூற்று நெய்யலாமா என்று நெசவாளர்க்குத் தோன்றக்கூடும். நூற்பதற்குரியது அங்கோரா இனத்தின் மயிர். அவ்வினம் குளிர்ந்த மலைநாட்டுக்கே ஏற்றது; நம் வெப்பத்தில் அதன் அடர்மயிரே அதற்குப் பகையாகும்.

வளர்க்க இயலாத நிலை வந்தால் நன்கு பேணும் ஒரு வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டுமேயன்றி வயலில் விட்டுவிடலாகாது. நாய்க்கும் வெயிலுக்கும் அது சில நாளில் இரையாகும். நம் புதர்களில் வாழும் காட்டு முயல் வேறு இனம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம். அறுவடையின்போது அதன் குட்டி தனித்துக் கிடப்பதைக் கண்டால் அநாதையென எண்ணி வீட்டிற்கு எடுத்து வர வேண்டாம். தாய் நாளின் பெரும்பகுதி விலகியிருந்து, சிறு பொழுதே வந்து பாலூட்டும். அவ்விடத்தை மட்டும் அறுக்காமல் விட்டு அப்பால் செல்க.