மாமனுக்கு ஆகாத நட்சத்திரமா?



டிசம்பர், ஜனவரி மாதங்களில் இஷா தொழுதுவிட்டு வரும்போது கிழக்கு வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையை மேல்நோக்கி, சற்று இடப்பக்கமாக நீட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நட்சத்திரம் தெரியும். அதையும் தாண்டினால் சிறு கொத்தாக ஸுரைய்யா, அதாவது கார்த்திகை.

ஸுரைய்யாவுக்குப் பின்னால் உதித்து வருவதால் அரபிகள் அந்தச் செம்மஞ்சள் நட்சத்திரத்தை ‘அத்தபரான்’ (பின்தொடர்வது) என்று அழைத்தார்கள். கி.பி. 964-ல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய நட்சத்திர நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. ஐரோப்பியர் இந்தப் பெயரையே ‘அல்டெபரான்’ என்று எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் இதுதான் ரோகிணி.

இது சூரியனைவிடச் சுமார் 45 மடங்கு அகலமானது. மையத்திலிருந்த ஹைட்ரஜன் எரிபொருள் தீர்ந்ததால் வெளிப்பகுதி உப்பிக் குளிர்ந்துவிட்டது. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். இதற்கோ சுமார் 3,600 டிகிரிதான். உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதன் நிறத்துக்கும் அதுவே காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ‘ரோகிணியில் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது’ என்ற பேச்சு நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஒரு பாவமும் அறியாத பச்சிளம் குழந்தையை உறவினர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

சிந்தியுங்கள்! பிள்ளை பிறக்கும் நேரத்தில் சந்திரன் ரோகிணிக்கு அருகில் இருந்ததாம். சந்திரனின் ஒளி ஒன்றேகால் வினாடியில் நம்மை அடைகிறது. ரோகிணியின் ஒளிக்கோ சுமார் 65 ஆண்டுகள் தேவை. அந்த அருகாமை நம் கண்ணுக்கு மட்டும்தான். பிள்ளை பிறந்த இரவில் தெரிந்த ஒளி, அதன் தாய் பிறப்பதற்கு முன்பே புறப்பட்டது!

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இறப்பால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். யாருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் அதை உடனே மறுத்தார்கள். மகனை இழந்த துக்கத்திலும் அந்தப் பேச்சை அவர்கள் வளரவிடவில்லை.

தரையிலும் கடலிலும் வழி அறிவதற்கே நட்சத்திரங்கள் என்று அல்அன்ஆம் அத்தியாயம் 97-ஆம் வசனம் சொல்கிறது. இன்றிரவு பிள்ளைகளை அழைத்துச் சென்று அத்தபரானைக் காட்டுங்கள். அதன் படைப்பாளனைப் பற்றிச் சொல்லுங்கள். பிறந்த குழந்தையைச் சந்தேகமின்றி அள்ளி அணையுங்கள்.

அல்லாஹ் நம் ஈமானைப் பாதுகாப்பானாக! ஆமீன்.